துண்டு வெட்டிய பிறகு தொடங்கும் சிகிச்சை

வைத்தியசாலைச் செய்திகளுக்கு எங்கள் ஊடகங்களில் ஒரு வார்ப்பு இருக்கிறது. சிக்கலான சத்திரசிகிச்சை ஒன்று பல மணித்தியாலங்கள் நடந்தது, வைத்திய நிபுணர் தலைமையிலான குழு அதை வெற்றிகரமாகச் செய்து முடித்தது, நோயாளி நலமாக இருக்கிறார். குழுவினர் பச்சை உடையில் நிற்கும் படமும் கூடவே வரும். கழுத்து முள்ளந்தண்டில் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளும் இப்படித்தான் செய்தியாகின்றன. அந்த நோயாளி ஆறு மாதம் கழித்து தன் சேர்ட்டுக்குத் தானே பொத்தான் பூட்டுகிறாரா, கிணற்றடிக்குத் தானே நடந்து போகிறாரா என்பது செய்தியாவதில்லை.

கழுத்துச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் எப்படித் தேறுகிறார்கள், யார் அவர்களைத் தேற்றுகிறார்கள் என்று அறிய யாழ்ப்பாண, கிளிநொச்சி மாவட்டங்களில் நான்கு வீடுகளுக்குப் போனேன். பெயர் வேண்டாம் என்று நால்வரும் கேட்டுக்கொண்டார்கள். நால்வருக்கும் அரச வைத்தியசாலைகளில்தான் சத்திரசிகிச்சை நடந்தது. சத்திரசிகிச்சையைப் பற்றி ஒருவருக்கும் குறையில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

முதலில் மருத்துவப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் ஏழு முள்ளென்புகள் உள்ளன. அவற்றின் நடுவே முண்ணாண் இறங்கி வருகிறது. எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கினாலோ, வயதோடு எலும்பு வளர்ந்து வழியைக் குறுக்கினாலோ, விழுந்து எலும்பு உடைந்தாலோ முண்ணாண் நசுங்குகிறது. சத்திரசிகிச்சையில் கழுத்தின் முன்பக்கத்தால் போய்த் தட்டை அகற்றி எலும்புகளைப் பொருத்துவார்கள், அல்லது பின்பக்கத்தால் போய் எலும்பின் கூரையைத் திறந்து நெருக்கத்தைக் குறைப்பார்கள். நசுக்கத்தை நீக்குவதும், நிலைமை இன்னும் மோசமாகாமல் தடுப்பதும்தான் இதன் முதல் நோக்கம். போன பலம் திரும்பி வருவது வேறொரு வேலை. அது மெதுவாக நடக்கும். பெரும்பகுதி முன்னேற்றம் முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்திற்குள் கிடைத்துவிடும். அதன் பிறகும் கிடைக்கலாம், ஆனால் சொற்பமாக.

இந்த ஆறு மாதம்தான் இந்தக் கட்டுரையின் விடயம். வைத்தியசாலையில் நோயாளி இருப்பது சில நாட்கள், மிஞ்சினால் சில கிழமைகள். மிச்சக்காலம் முழுவதும் வீட்டில். எங்கள் இலவச சுகாதார சேவை மிகத் திறமையாகச் செய்துமுடித்த ஒரு வேலையின் பலன், அந்தச் சேவை எட்டிப் பார்க்காத ஓர் இடத்தில் வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது.

சிங்களத்தில் ஒரு தாள்

வடமராட்சியில் நான் சந்தித்தவர் ஐம்பது வயது கடந்த மேசன். இரண்டு வருடங்களாகக் கையில் விறைப்பு, நடையில் தள்ளாட்டம். வாதம் என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் சாரத்தில் நிற்கும்போது கையிலிருந்த கரண்டி தன்னையறியாமல் விழுந்தபோதுதான் வைத்தியசாலைக்குப் போனார். கழுத்தில் முண்ணாண் நசுங்கியிருந்தது. தெற்கிலுள்ள ஒரு வைத்தியசாலையில் பின்பக்கத்தால் சத்திரசிகிச்சை செய்தார்கள். எட்டாம் நாள் துண்டு வெட்டினார்கள்.

அவருடைய மனைவி பொலித்தீன் பையிலிருந்து கடதாசிகளை எடுத்துக் காட்டினார். நோய் நிர்ணய அட்டை ஆங்கிலத்தில். உடற்பயிற்சிப் படங்கள் போட்ட நிழற்பிரதித் தாள் ஒன்று, அதன் விளக்கம் முழுவதும் சிங்களத்தில். மூன்று மாதத்தின் பின் கிளினிக்கிற்கு வரவேண்டிய திகதி ஒன்று. “படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்விக்கிறன் பிள்ளை. எத்தினை தரம் செய்யிறதெண்டு எழுதியிருக்கும்தானே, அது எனக்கு விளங்கேல்லை” என்றார். வாட்டில் ஒரு தமிழ்த் தாதி வாயால் சொன்னவற்றை அவர் நினைவில் வைத்திருக்கிறார்: எழும்பும்போது நேராக எழும்பக் கூடாது, உடம்பை ஒரு கட்டையைப் போலப் பக்கத்துக்கு உருட்டி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும். அதை அவர் சரியாகவே செய்விக்கிறார். கொலரை எத்தனை நாள் போட வேண்டும் என்பது மறந்துவிட்டது. நான் போனது பத்தாவது கிழமை, அப்போதும் போட்டிருந்தார்.

கொலர் விடயத்தில் எல்லாச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. செய்த முறையைப் பொறுத்து ஆறு கிழமை என்பார்கள், தேவையே இல்லை என்றும் சொல்வார்கள். தேவைக்கு மேல் போட்டால் கழுத்துத் தசைகள் பலமிழக்கும் என்பது மட்டும் பொதுவானது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் போதும். அந்த அட்டையில் இலக்கம் இல்லை.

கிட்டவுள்ள வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது. முதல் மாதத்தில் இரண்டு தடவை போயிருக்கிறார்கள். பஸ்ஸில் குலுங்கிப் போகப் பயம். ஓட்டோவில் போய்வரும் காசு, அவர் வேலை செய்த காலத்தில் ஒரு நாள் உழைத்த கூலியில் பெரும்பங்கு. “ஒப்பரேசனுக்கு ஒரு சதம் செலவில்லை. வீட்டை வந்தாப் பிறகுதான் செலவு” என்றார் மனைவி. நெடுந்தீவில் ஒருவருக்கு இதே நிலை வந்தால், கழுத்தில் தையலோடு படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அதன் பிறகுதான் பஸ்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்கிற்கு வந்தபோது அது பெரிய மாற்றமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. அது அவசர நிலைக்கானது. விழுந்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டு போகும். கிளினிக்கிற்குப் போகவும் வீடு திரும்பவும் நோயாளி தானே வழி பார்க்க வேண்டும்.

பெண்களின் கணக்கு

இரண்டாவது வீடு கிளிநொச்சியில். பனையிலிருந்து விழுந்த சீவல் தொழிலாளி, முப்பது வயதுக்குள். மரத்திலிருந்து விழுவது எங்கள் பகுதிகளில் கழுத்து முள்ளந்தண்டு உடைவதற்கு இன்றும் முக்கிய காரணங்களில் ஒன்று. எலும்பைத் தகடு வைத்துப் பொருத்தியாயிற்று. ஆனால் முண்ணாண் விழுந்த கணத்திலேயே பழுதாகிவிட்டது. கைகள் ஓரளவு அசைகின்றன, கால்கள் இல்லை.

அவருடைய தாய்க்கு அறுபது வயதிருக்கும். இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மகனைத் திருப்பிப் படுக்க வைக்கிறார். அலாரம் வைப்பதில்லை, தானாகவே முழிப்பு வருகிறதாம். திருப்பாவிட்டால் முதுகுக்குக் கீழே, குதிக்காலில் படுக்கைப்புண் வரும். சலக்குழாயைத் துப்பரவாக வைத்திருப்பது, மலம் போக உதவுவது, நரம்பு இறுகாமல் மூட்டுகளை மடக்கி நீட்டுவது எல்லாம் அவர்தான். ஒரு புனர்வாழ்வு வாட்டில் தாதி, இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சிற்றூழியர் என்று நால்வர் பகிர்ந்து செய்யும் வேலை இது. “எனக்கு இப்ப இடுப்பு எழும்பேலாது. நான் விழுந்தால் இவனை ஆர் பாக்கிறது?” என்று அவர் கேட்டது என்னிடம் பதில் எதிர்பார்த்தல்ல.

இவ்வளவு செய்பவருக்கு ஒன்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கழுத்து மட்டத்தில் முண்ணாண் பழுதானவருக்கு சலப்பை நிரம்பி வழியடைபட்டாலோ, மலம் இறுகினாலோ திடீரென இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். கடும் தலையிடி, முகம் சிவத்தல், வியர்வை. உடனே நிமிர்த்தி இருத்தி, குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குறையாவிட்டால் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். இரண்டு தடவை அப்படித் தலையிடி வந்ததாகவும் பனடோல் கொடுத்ததாகவும் அந்தத் தாய் சொன்னார்.

நோயாளி ஆணாக இருந்தால் பராமரிப்பவர் மனைவி அல்லது தாய். நோயாளி பெண்ணாக இருந்தால்? மூன்றாவது வீட்டில் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண். முன்பக்கத்தால் இரண்டு தட்டுகள் அகற்றப்பட்டன. முதல் சில நாட்கள் விழுங்கக் கஷ்டமாக இருந்தது. இந்த முறையில் அது வழமையானது, பெரும்பாலும் குறைந்துவிடும். பாரம் தூக்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்றாம் கிழமை அவர் குசினியில் இருந்தார். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவுவதும், கப்பியில் தண்ணீர் அள்ளுவதும் கழுத்துக்கும் தோளுக்கும் என்ன செய்யும் என்று விளக்க வைத்தியர் தேவையில்லை. பொருத்திய எலும்பு ஒட்டுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். “இவர் கடலுக்குப் போனால்தான் அடுப்பெரியும். பிள்ளையளுக்குச் சாப்பாடு ஆர் குடுக்கிறது?” என்றார். அவருக்கு வீட்டுப் புனர்வாழ்வு என்ற ஒன்று நடக்கவே இல்லை. வீட்டு வேலையே நடந்தது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு வடக்கில் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் வாசலில் படிகள், மலசலகூடம் பின் வளவில், அதுவும் குந்தியிருக்கும் வகை. தள்ளாடும் காலோடு ஒருவர் இரவில் மணலில் இறங்கி அங்கே போக வேண்டும். சத்திரசிகிச்சை செய்த கழுத்துக்கு இரண்டாவது தடவை விழுவதைவிடப் பெரிய ஆபத்தில்லை. நடுவில் ஓட்டை வெட்டிய ஒரு பிளாஸ்டிக் கதிரை, சுவரில் பிடிப்பதற்கு ஒரு குழாய், படிக்குப் பதில் ஒரு சீமெந்துச் சரிவு; நான் போன வீடுகளில் இவற்றைச் செய்திருந்தது மேசனுடைய வீடு மட்டும்தான். அவருடன் வேலை செய்த பொடியன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து செய்து கொடுத்திருக்கிறார்கள்.

நான்காவது வீட்டில் நிலைமை வேறு. மேசனுக்கு வந்த அதே நோய், ஏறத்தாழ அதே வயது, அதே வகைச் சத்திரசிகிச்சை. அவருடைய தம்பி கனடாவில் இருக்கிறார். கிழமைக்கு மூன்று நாள் தனியார் இயன்மருத்துவர் வீட்டுக்கு வருகிறார். வாடகைக்கு எடுத்த உயரம் மாற்றக்கூடிய கட்டில், மலசலகூடத்தில் கொமட், வேலைக்கு ஒரு அம்மா. நான்காம் மாதம் சந்தைக்கு நடந்து போய்வந்தார். இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. சத்திரசிகிச்சைக்கு முன் நசுக்கம் எவ்வளவு காலம் இருந்தது என்பதே தேறுதலை வெகுவாகத் தீர்மானிக்கும். ஆனாலும் சத்திரசிகிச்சை அறைக்குள் சமமாக இருந்த இருவர் வீட்டுக்கு வந்ததும் சமமாக இல்லை. இலவச சுகாதாரத்தின் கடைசிக் கட்டத்தை இங்கே புலம்பெயர் பணம் நடத்துகிறது. அது வராத வீட்டில் ஒரு பெண்ணின் இடுப்பு நடத்துகிறது.

பிரசவத்துக்கு வருபவர்கள்

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு எங்கள் நாட்டிடம் ஆளில்லை, பழக்கமில்லை என்று சொல்ல முடியாது. கர்ப்பிணியையும் பிறந்த குழந்தையையும் தேடி குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாக வருகிறார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சுகாதார வைத்திய அதிகாரி கேட்பார். இலங்கையின் தாய்சேய் மரண வீதம் தெற்காசியாவில் பேசப்படும் அளவுக்குக் குறைந்ததில் இந்த வீட்டுத் தரிசிப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பில் பொதுச் சுகாதார தாதிய உத்தியோகத்தர் என்ற பதவியும் இருக்கிறது. முள்ளந்தண்டு நோயாளி, பாரிசவாத நோயாளி, கால் துண்டிக்கப்பட்டவர் ஆகியோரைத் தேடி யாரும் வழமையாக வராததற்குக் காரணம், அவர்கள் வீடு திரும்பிய செய்தியே ஊரிலுள்ள சுகாதாரப் பணிமனைக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதுதான்.

இதற்கு ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழ். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கீழ். துண்டு வெட்டும்போது நோயாளி ஓர் அரசாங்கத்திலிருந்து இன்னோர் அரசாங்கத்துக்குக் கைமாறுகிறார், ஆனால் கடதாசி கைமாறுவதில்லை. அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்க வேண்டிய வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண சுகாதாரத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட அமைச்சர் ஒருவர் இல்லை. அதிகாரப் பகிர்வு பற்றி நாங்கள் கதைக்கும்போது காணி, பொலிஸ் என்றுதான் தொடங்குகிறோம். அது மேசனின் கொலர் வரைக்கும் வருகிறது.

வடக்கில் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 இலிருந்து செயற்கை உறுப்புகளும் நடைக் கருவிகளும் கொடுத்து வருகிறது. போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி உருவாக்கிய உயிரிழை அமைப்பு மாங்குளத்தில் இயங்குகிறது. படுக்கைப்புண் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு பல வாட்டுகளில் தெரியாது. அதே மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டப்பட்ட புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அதுவரை முழுமையான முள்ளந்தண்டுப் புனர்வாழ்வு என்றால் ராகமைக்குப் போக வேண்டும், அல்லது திகனைக்கு. மாங்குளம் வந்தது பெரிய விடயம். ஆனால் அது ஒரு கட்டடம். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியில் கிளிநொச்சியையும் தாண்டிப் போக வேண்டும். அங்கே சில கிழமை தங்கிப் பழகியவரும் கடைசியில் திரும்பி வருவது அதே படியுள்ள வீட்டுக்குத்தான். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர், தாதியரோடு இயன்மருத்துவர்களும் வெளிநாடு போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டடத்தைக் கொடையாளர் தரலாம், ஆளைத் தர மாட்டார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 26 ஆவது உறுப்புரை புனர்வாழ்வு முடிந்தளவு முன்கூட்டியே தொடங்க வேண்டும், கிராமங்கள் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு முடிந்தளவு கிட்டக் கிடைக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார சபை 2023 மே மாதத்தில் புனர்வாழ்வைச் சுகாதாரக் கட்டமைப்புக்குள் பலப்படுத்தும் தீர்மானத்தை நிறைவேற்றியது. உலகில் 240 கோடிப் பேருக்குப் புனர்வாழ்வு பயன் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த கேடல்ல.

பணப் பக்கத்தில் இன்னொரு இடைவெளி. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆனது. கிளிநொச்சி இளைஞருக்கு அது பொருந்தும். ஒரு வருடத்தில் தேறிவிடக்கூடிய மேசனுக்கு? அவர் மாற்றுத்திறனாளி என்று பதியப்பட்டவரல்ல, வாட்டிலுள்ள நோயாளியும் அல்ல. நாட்கூலி என்பதால் சுகயீன லீவும் இல்லை. தேறிக்கொண்டிருப்பவர் என்ற வகை எந்தப் படிவத்திலும் இல்லாதபடியால், அவர் சீக்கிரம் சாரத்தில் ஏறப் பார்க்கிறார். நான் போன அன்று அதற்கான திகதியைத்தான் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார்.

இந்த வெற்றிடத்தில் வேறு ஆட்கள் நுழைகிறார்கள். முறிவு நெரிவு வைத்தியத்துக்கு எங்கள் பகுதியில் நீண்ட பாரம்பரியமும் நியாயமான மதிப்பும் உண்டு. ஆனால் தகடு வைத்த கழுத்தைப் பிடித்து இழுத்து, உருவி விடுவதாக இரண்டு வீடுகளில் சொன்னார்கள். இதைச் செய்யவே கூடாது. குடும்பத்தைத் திட்டிப் பயனில்லை; வீடு தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

நான் கதைத்த அரச இயன்மருத்துவர் ஒருவர், வீட்டில் செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை எளியவை என்றார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடப்பது. விரல்களுக்குப் பருப்புப் பொறுக்குவது, மா குழைப்பது, பொத்தான் பூட்டிக் கழற்றுவது. கழுத்தை வளைக்கும் பயிற்சிகளை மட்டும் சத்திரசிகிச்சை செய்தவர் சொல்லும்வரை தொடக் கூடாது. புகைத்தால் எலும்பு ஒட்டுவது தாமதமாகும். புதிதாகக் கை கால் பலம் குறைந்தால், சலம் மலம் கட்டுப்பாடு போனால், காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிந்தால், மூச்சு விடவோ விழுங்கவோ திடீரென முடியாமல் போனால் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும். “முதல் மாதத்தில் இரண்டு தரம் வீட்டை போய்ப் பார்த்தால், பாதிப் பேருக்குப் பிறகு நான் தேவையில்லை. ஆனால் வீட்டை போறதுக்கு எனக்கு வாகனமும் இல்லை, அப்பிடி ஒரு கடமையும் இல்லை” என்றார்.

வாட்டிலிருந்து ஊர்ப் பணிமனைக்கு ஒரு கடிதம், முதல் மாதத்தில் இரண்டு வீட்டுத் தரிசிப்பு, மூன்று மொழியிலும் ஒரு தாள், அதில் ஒரு தொலைபேசி இலக்கம். இவற்றுக்குப் புதிய கட்டடமோ பாராளுமன்றத்தில் புதிய சட்டமோ வேண்டியதில்லை. மத்திய அமைச்சின் பணிப்பாளரும் மாகாணப் பணிப்பாளரும் ஒரு சுற்றறிக்கையில் உடன்பட்டால் போதும். இயன்மருத்துவருக்கு எரிபொருள் படி ஒதுக்குவது மட்டும்தான் பணம் சம்பந்தப்பட்டது. அடுத்த மாகாண வரவு செலவு ஒதுக்கீடு தயாராகும்போது அந்த ஒரு வரி இருக்கிறதா என்று ஆளுநர் செயலகத்தில் கேட்கலாம்.